விளக்கெண்ணெயும் வானூர்திப் பொறியும்

கோலாலம்பூர் மாநகரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரம், 1863ஆம் ஆண்டில் தமிழக முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரைத் தாங்கி நிற்பது. துணியும் நகையும் மணப்பொருளும் விற்கும் அவ்வட்டாரத்தின் நாட்டு மருந்துக் கடைகளில் விளக்கெண்ணெய்க்கு என்றும் ஓர் இடமுண்டு. மலாய்க்காரர் அதனை 'மிஞ்ஞாக் ஜாரக்' என்பர். குழந்தைக்கு வயிறு கழியவும், சூட்டைத் தணிக்கவும், கூந்தலுக்குத் தடவவும் பயன்படும் எண்ணெய் என்பதே நம்மில் பெரும்பாலோர் அதனைப்பற்றி அறிந்த செய்தி. சுறுசுறுப்பில்லாதவனை 'விளக்கெண்ணெய்' என்று ஏசுவதும் நம் வழக்கம். அந்த வழவழப்பே, உலகின் முதல் வானூர்திகள் பலவற்றை விண்ணில் நிறுத்திய வலிமை என்பதைப் பலரும் அறியார். இன்றும் உள்ளங்கையில் அடங்கும் சிறு மாதிரி வானூர்திப் பொறிகளுக்கு விளக்கெண்ணெய் ஏற்றதா, செயற்கை எண்ணெய் ஏற்றதா என்னும் வழக்கு முடிந்தபாடில்லை. அவ்வழக்கின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியச்சிலிருந்து இருப்புப்பாதை வரை

சுழலும் பொருளுக்கு நெய்யிட வேண்டும் என்னும் அறிவு தமிழருக்குப் புதியதன்று. புறநானூற்றின் 102ஆம் பாடலில், உப்பு வணிகர் மேடும் பள்ளமும் நிறைந்த வழியை எண்ணி வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் செல்வதை ஔவையார் உவமையாக்குகிறார். அச்சு தேய்வதும் முறிவதும் வண்டியோட்டியின் பெருங்கவலை என்பது அதனால் புலனாகும். பிற்காலத்து மாட்டுவண்டிக்காரர் வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து 'வண்டி மை' ஆக்கி அச்சிலிட்டனர். 'மசகு' என்பதும் அதனையே குறிக்கும். இன்று நம் பாடநூல்கள் எந்திர எண்ணெயை 'மசகு எண்ணெய்' என வழங்குவது, மாட்டுவண்டிக்காரன் சொல்லை மோட்டார் வண்டி வாங்கிக்கொண்ட கதையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருப்புப்பாதைகள் பரவியபோது, நாட்டில் எளிதிற் கிடைத்த ஆமணக்கு எண்ணெயே விளக்கெரிக்கவும் சக்கரங்களுக்கு இடவும் பெருமளவில் பயன்பட்டது. நிலத்தடியிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதன் செல்வாக்கு குன்றியது. விளக்கிலிருந்தும் சக்கரத்திலிருந்தும் விலக்கப்பட்ட அவ்வெண்ணெய், மருந்துக் குப்பிக்குள் ஒடுங்கிவிடும் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆயின் நிகழ்ந்தது வேறு.

விண்ணில் ஏறிய எண்ணெய்

பிரான்சு நாட்டின் செகன் உடன்பிறப்புகள் 1908ஆம் ஆண்டையொட்டி 'நோம்' என்னும் சுழற்பொறியை உருவாக்கினர். மற்றப் பொறிகளில் உருளைகள் அசையாது நிற்க, நடுத்தண்டு சுழலும். இதிலோ தண்டு அசையாது நிற்க, உருளைகள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழன்றன. அச்சுழற்சியே காற்றை வாரி வீசிப் பொறியைக் குளிர்வித்தது. எடை குறைவு, ஆற்றல் மிகுதி என்பதால் தொடக்கக்கால வானோட்டிகள் இதனைப் பெரிதும் விரும்பினர். 1911ஆம் ஆண்டு மார்ச்சு 16இல் ஜோசப் கிறிஸ்தியான்சு என்னும் பெல்ஜியர் சிங்கப்பூரில் வானூர்தி ஓட்டிக் காட்டினார். அவர் ஓட்டிய பிரிஸ்டல் வானூர்தியின் வகையிலும் நோம் பொறியே பொருத்தப்பட்டிருந்தது.

இப்பொறியில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. எரிபொருளும் காற்றும் பொறியின் நடுவயிற்றின் வழியாகவே உருளைக்குச் சென்றன. மசகு எண்ணெயும் அங்கேயே இருந்தது. கனிம எண்ணெயைப் பயன்படுத்தினால், பெட்ரோல் அதனைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்யும். உலோகத்தோடு உலோகம் உராய்ந்து பொறி இறுகிவிடும். ஆமணக்கு எண்ணெயோ பெட்ரோலில் எளிதிற் கரையாதது. ஆகவே அது சுவரோடு ஒட்டி நின்று தன் கடமையைச் செய்தது.

இதற்குரிய காரணத்தை வேதியியல் விளக்குகிறது. ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு ரிசினோலிக் அமிலம் ஆகும். அதன் மூலக்கூறில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பைத் தருவதோடு, எண்ணெயைக் கெட்டியாகவும் ஆக்குகிறது. நல்லெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் இச்சிறப்பு இல்லை.

இவ்வாறு பொறிக்குள் சென்ற எண்ணெய் மீண்டும் திரும்புவதில்லை. புகையோடு வெளியே வீசப்பட்டது. வானோட்டியின் முகமும் உடையும் அதில் நனைந்தன. அந்நாளைய வானூர்தித் திடல்களின் மணம் எரிந்த விளக்கெண்ணெயின் மணமே. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு நிறுவனம் 1909இல் ஆமணக்கு எண்ணெய் கலந்த தன் புதிய எண்ணெய்க்குக் 'காஸ்ட்ரால்' எனப் பெயரிட்டதும், ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதைக் கொண்டே ஆகும்.

போரும் விதையும்

1914இல் மூண்ட முதல் உலகப்போர் ஆமணக்கைப் படைக்கலப் பொருளாக்கிற்று. நேச நாடுகளின் வானூர்திகள் பல சுழற்பொறிகளாலேயே இயங்கின. ஆமணக்கு மிகுதியாக விளைந்த இந்தியாவோ பிரித்தானியர் ஆட்சியில் இருந்தது. கடல் முற்றுகைக்குள் அகப்பட்ட செருமனிக்கு அவ்வெண்ணெய் கிட்டவில்லை. கனிம எண்ணெயைப் பக்குவப்படுத்தி 'வோல்டால்' என்னும் மாற்று எண்ணெயை அவர்கள் பயன்படுத்தினர். அஃது ஆமணக்குக்கு ஈடாகாமையால் அவர்களுடைய சுழற்பொறிகள் விரைவிற் பழுதுற்றன. ஆமணக்கு எண்ணெய்க்கு மாற்றுத் தேடிய முயற்சி, ஆய்வின் ஆர்வத்தால் மட்டுமன்றிப் பஞ்சத்தின் நெருக்குதலாலும் வளர்ந்தது என்பதை இங்கே கருதுதல் வேண்டும்.

1917இல் போரில் இறங்கிய அமெரிக்காவும் இவ்வெண்ணெய்க்குத் தவித்தது. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் விதைக்கப் போதுமான ஆமணக்கு விதையை ஆசியாவிலிருந்து தருவித்து, தன் தென்மாநிலங்களில் பயிரிடச் செய்தது. புளோரிடாவில் அப்பயிரைப் பூஞ்சை நோய் தாக்கிற்று. அதற்குள் நீரால் குளிரூட்டப்பெறும் 'லிபர்ட்டி' பொறியும், அதற்கேற்ற கனிம எண்ணெயும் உருவாகிவிட்டன. போர் முடிந்த சில ஆண்டுகளில் சுழற்பொறியே வழக்கொழிந்தது. அதனோடு விளக்கெண்ணெயும் விண்ணிலிருந்து இறங்கிற்று.

அதே 1917ஆம் ஆண்டில்தான் சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஓர் எண்ணெய்ப் பயிரின் புகழ் உச்சியில் நின்ற வேளையில், தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் வளரப்போகும் மற்றோர் எண்ணெய்ப் பயிர் இம்மண்ணில் வேரூன்றியது.

சிறுபொறிகளின் வழக்கு

பெரிய வானூர்தி கைவிட்ட எண்ணெயைச் சிறிய வானூர்தி ஏற்றுக்கொண்டது. ஆயினும் உடனே அன்று. 1930களில் அமெரிக்காவில் பரவிய மாதிரிப் பொறிகள் பெட்ரோலில் ஓடின. பெட்ரோலோடு கலக்கக்கூடிய கனிம எண்ணெயே அவற்றுக்குப் போதுமானதாயிற்று. 1947இல் ரே ஆர்டன் என்பார் மின்பொறி தேவைப்படாத, கம்பிச்சுருள் கனன்று எரிபொருளைப் பற்றவைக்கும் 'ஒளிர் செருகி'யைச் சந்தைக்குக் கொணர்ந்தார். அதற்கு ஏற்ற எரிபொருள் மெத்தனால். மெத்தனாலில் கனிம எண்ணெய் கரையாது. ஆமணக்கு எண்ணெய் நன்கு கரையும். பெட்ரோலில் கரையாமை அன்று அதற்குப் பெருமை தந்தது. மெத்தனாலில் கரையும் இயல்பு இன்று அதனை மீண்டும் அரியணையில் ஏற்றியது. மாதிரி டீசல் பொறிகளிலோ ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய மூன்றும் ஏறத்தாழச் சம பங்காகக் கலக்கப்பட்டன. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஒன்றோடொன்று இணங்காதவை. இரண்டையும் இணைத்துவைப்பது ஈதரின் பணியாயிற்று.

இச்சிறு பொறிகள் நிமிடத்திற்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழல்பவை. இவற்றில் எண்ணெய்த் தொட்டி தனியே இல்லை. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெயே உராய்வைத் தடுத்து, வெப்பத்தையும் சுமந்துகொண்டு வெளியேற வேண்டும். எரிபொருள் குறைந்து பொறி அளவுமீறிச் சூடாகும்போது, ஆமணக்கு எண்ணெய் ஆவியாகி ஓடிவிடாமல் பிசுபிசுத்த படலமாகி உலோகத்தைக் காக்கிறது. ஆனால் அப்படலமே பின்னர் பழுப்பு மெருகாகப் படிந்து இறுகுகிறது. பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்கின்றன. சில திங்கள் ஓட்டாது வைத்த பொறி கையால் சுழற்றவும் இயலாதபடி பிடித்துக்கொள்கிறது.

செயற்கை எண்ணெய் இக்குறையைப் போக்க வந்தது. பாலிஆல்கிலீன் கிளைக்கால் என்னும் வகையைச் சேர்ந்த எண்ணெய்கள் மெத்தனாலில் கரைவன, தூய்மையாக எரிவன, மெருகுப் படிவை விடாதன. எனினும் அளவுமீறிய சூட்டில் அவற்றின் காப்பு ஆமணக்கின் அளவுக்கு நீடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை அவை ஈர்ப்பதால், ஓட்டி முடித்ததும் வேறு எண்ணெய் இட்டு வைக்காவிடின் உருள்தாங்கிகள் துருப்பிடிக்கும். நம் நாட்டைப் போன்ற ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் இக்குறை சிறிதன்று.

ஆகவே அறிந்தோர் இரண்டையும் கலந்தனர். பழைய இரும்புப் பிஸ்டன் பொறிகளுக்கு ஆமணக்கு மிகுதியாகவும், வளையமுடைய புதிய பொறிகளுக்குச் செயற்கை எண்ணெய் மிகுதியாகவும் சேர்ப்பது வழக்கமாயிற்று. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு, கம்பியில் கட்டி ஓட்டும் வேகப்போட்டிகளுக்கு நூற்றுக்கு 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கு எண்ணெய் என்னும் கலவையையே நெடுங்காலம் விதியாக வைத்திருந்தது.

தாயும் மகளும்

இவ்வழக்கில் பலர் கவனியாத உண்மையொன்று உண்டு. ஆமணக்கு எண்ணெயைக் கடுங்காரத்தோடு சேர்த்து மிகுந்த சூட்டில் காய்ச்சினால் செபாசிக் அமிலம் கிடைக்கும். 1950களின் தாரைப் பொறி வானூர்திகளுக்குக் கனிம எண்ணெய் போதாதபோது, முதல் தலைமுறைச் செயற்கை எண்ணெய்களுள் முதன்மையானவை அச்செபாசிக் அமிலத்திலிருந்தே ஆக்கப்பட்டன. மாதிரிப் பொறிகளின் செயற்கை எண்ணெய் வேறு குடும்பத்தது என்பது உண்மையே. எனினும் 'செயற்கை' என்னும் பெயரோடு விண்ணிற் பறந்த எண்ணெய்களுள் ஒரு கிளை, விளக்கெண்ணெயின் வயிற்றிற் பிறந்த மகள். இன்று செம்பனை எண்ணெயின் கொழுப்பமிலங்களிலிருந்தும் அத்தகைய எண்ணெய்கள் ஆக்கப்படுகின்றன. இயற்கையென்றும் செயற்கையென்றும் இரு பகைவரை நிறுத்திப் பேசுவது இங்கே பொருந்தாது.

தமிழகத்தில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் தனி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. குசராத்தில் 1968இல் முதல் வணிக வீரிய ஒட்டு ஆமணக்கு வெளியிடப்பட்டது. உலக ஆமணக்கு விளைச்சலின் பெரும்பங்கு இந்தியாவினுடையதே. அவ்வெண்ணெயை வேதிப்பொருளாக்கி விற்பதில் முந்தியவர்களோ பெரும்பாலும் பிறநாட்டார். வண்டி மை குழைத்த கைகளுக்கு அதன் பண்பு தெரிந்திருந்தது. அப்பண்புக்குக் காரணம் தேடும் ஆய்வுக்கூடம் இல்லை.

தமிழாசிரியர்கள் மாணவருக்கு உணர்த்தவேண்டியது இதுவே எனலாம். எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று மார்தட்டுவது ஒரு பிழை. பாட்டியின் குப்பியில் என்ன இருக்கப்போகிறது என்று இகழ்வது மற்றொரு பிழை. ஆமணக்கு எண்ணெயின் வெற்றியும் தோல்வியும், எந்தப் பொறி, எந்த எரிபொருள், எவ்வளவு சூடு என்னும் கேள்விகளாலேயே முடிவாயின. பழமையாலோ புதுமையாலோ அல்ல. நம் வீட்டுப் பொருளையும் அக்கேள்விகளோடு அணுகும் மாணவன் ஒருவன் தோன்றுவானாயின், 'கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்' என்று நம் மக்கள் சொல்லும் சொல் அவனிடத்தே பொருளுடையதாகும்.