கிளவுடுக்கு மாறும் திட்ட அட்டவணை: ஆட்கள், நாட்காட்டி, விடுப்பு

துபாய், தம்மாம், தோஹா என்று வளைகுடா நகரங்களின் கட்டுமான நிறுவனங்களில் பிளானிங் என்ஜினியராகவும் டைம்கீப்பராகவும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் தனித்தனிக் கோப்பாக இருந்த திட்ட அட்டவணையை இணையத்தில் இயங்கும் கிளவுட் மென்பொருளுக்கு மாற்றும் வேலை இப்போது பல அலுவலகங்களில் நடக்கிறது. மைக்ரோசாஃப்டின் புராஜெக்ட் ஆன்லைன் சேவை 2026 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்படும் என்று அந்த நிறுவனம் அறிவித்திருப்பதால், ஏற்கெனவே கிளவுடில் இருந்தவர்களும் மறுபடி இடம்பெயர வேண்டியிருக்கிறது.

வீடு கட்டியவர்களுக்குத் திட்ட அட்டவணை புதிதல்ல. கான்கிரீட் போடும் நாளுக்கு முன் சென்ட்ரிங் முடிந்திருக்க வேண்டும். அன்று கொத்தனார் வேறு வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. இதையே ஆயிரக்கணக்கான வேலைகளுக்குக் கணக்கிடுவதுதான் பிரைமவேரா, மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் போன்ற மென்பொருள்கள். வேலைக்குத் தேவையான ஆள், இயந்திரம், பொருள் மூன்றையும் அவை 'ரிசோர்ஸ்' என்கின்றன. மாற்றத்தின்போது வேலைகளின் தேதிகள் ஒழுங்காக வந்துவிட்டனவா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். ரிசோர்ஸ் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதல் சிக்கல் பெயர். நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் மொஹமத், சம்பளப் பட்டியலில் முஹம்மது, டைம்ஷீட்டில் வெறும் எம்.டி. இதில் தகப்பனார் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் வேறு. தனித்தனிக் கோப்புகளில் இருந்தவரை இதனால் பெரிய தொந்தரவு இல்லை. எல்லாம் ஒரே பட்டியலில் சேரும்போது ஒரு வெல்டர் மூன்று வெல்டராகிவிடுவார். மூன்று பேர் இருப்பதாக நம்பி மென்பொருள் மூன்று இடத்தில் வேலை ஒதுக்கும். தளத்தில் நிற்பது ஒருவர்தானே! ஆகவே மாற்றுவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் கம்பெனியின் ஊழியர் எண்ணை அடையாளமாகக் கொடுத்து, பெயரை வெறும் விளக்கமாக வைக்க வேண்டும். இகாமா எண்ணையோ பாஸ்போர்ட் எண்ணையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பலர் திறந்து பார்க்கும் இடத்தில் அவை இருக்கக் கூடாதவை.

பிரைமவேராவின் எக்ஸ்இஆர் கோப்பிலும் கவனம் தேவை. அது வேலைகளை மட்டும் கொண்டுவருவதில்லை. ஆட்கள், நாட்காட்டிகள், குறியீடுகள் எல்லாவற்றையும் கூடவே இழுத்துவரும். இறக்கும்போது, இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வதா, புதியதால் மாற்றுவதா என்று மென்பொருள் கேட்கும். துணை ஒப்பந்தக்காரர் அனுப்பிய கோப்புக்கு 'மாற்று' என்று கொடுத்துவிட்டால் நம் ஆட்களின் மணிக்கூலி விவரம்கூட மாறிப்போகலாம். முதலில் ஒரு சோதனைத் தளத்தில் இறக்கிப் பார்த்துவிட்டு உண்மையான தளத்துக்குக் கொண்டுபோவதே நல்லது.

அடுத்தது நாட்காட்டி. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் இயல்பாக இருக்கும் நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை, வாரம் 40 மணி நேரம். சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. நம் நாட்காட்டி சரியாக இடம்பெயரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை வேலை நாளாகவும் ஞாயிறு விடுமுறையாகவும் கணக்காகி, ஜும்ஆ நேரத்தில் கான்கிரீட் ஊற்றச் சொல்லும். அமீரகத்தில் அரசு அலுவலகங்களின் வார விடுமுறை 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறாகி, வெள்ளி அரை நாளாகிவிட்டது. இரண்டு நாடுகளிலும் தளம் உள்ள கம்பெனி ஒரே நாட்காட்டியை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. கோடையில் வெயிலில் வேலை செய்யத் தடையும் உண்டு: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அமீரகத்தில் பகல் 12.30 முதல் 3 மணி வரை, சவூதியில் 12 முதல் 3 வரை. இது திறந்தவெளி வேலைக்காரர்களின் நாட்காட்டியில் மட்டும் வர வேண்டும், அலுவலகத்தாருக்கு வேண்டியதில்லை.

நோன்புக் காலம் தனிக் கணக்கு. சவூதியில் அம்மாதத்தில் முஸ்லிம் ஊழியருக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்பது சட்டம். பத்து கொத்தனார்கள், 24 வேலை நாட்கள், தினம் 2 மணி நேரம் குறைவு என்றால் 480 மணி நேரம், அதாவது 60 ஆள்நாட்கள். இதை அட்டவணையில் போடாவிட்டால், அந்த 60 ஆள்நாட்களும் பெருநாளுக்குப் பிறகு ஓவர்டைமாகவும் ரத்தான விடுப்பாகவும் வந்து நிற்கும். 'ஒவ்வோர் ஆண்டும் இதே தேதியில்' என்ற வசதியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாட்கள் குறைவு என்பதால் ரமளான் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். 2030-இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் இன்னொன்றும் தொடங்கும். பிறை பார்த்த பிறகு ஒருநாள் முன்பின் திருத்தவும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

வீட்டாருக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் விடுப்பு. சபுராளிகளின் ஊர் விடுப்பு பெரும்பாலும் மனிதவளப் பிரிவின் எக்ஸெலில்தான் இருக்கும். திட்ட மென்பொருளுக்கு அது தெரியாது. தங்கை நிக்காஹுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவரை அந்த வாரமே முக்கிய வேலையில் அது போட்டுவிடும். பிறகு மேலாளர் கூப்பிட்டு, 'ஒரு மாதம் தள்ளிப் போ' என்பார். அங்கீகரிக்கப்பட்ட விடுப்பை அந்த ஆளின் தனி நாட்காட்டியில் ஏற்றிவிட்டால், வேலையை யாருக்கு மாற்றுவது என்ற கேள்வி இரண்டு மாதம் முன்பே எழும். ஊரில் தேதி குறிப்பவர்கள், விடுப்பு அட்டவணையில் ஏறிவிட்டதா என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாம் ஒரே இடத்துக்கு வந்ததும் பலர் பதறுவார்கள். இரண்டு தளங்களில் தலா 100 விழுக்காடு ஒதுக்கப்பட்டிருந்த கிரேன் ஆபரேட்டர் இப்போது 200 விழுக்காடாகச் சிவப்பில் தெரிவார். மென்பொருள் பழுதல்ல, பழைய கோப்புகளில் மறைந்திருந்த சுமை வெளியே வந்திருக்கிறது. உடனே 'லெவலிங்' பொத்தானை அழுத்திவிடக் கூடாது. அது வேலைகளைத் தானாகத் தள்ளிப்போட்டு, ஒப்பந்த முடிவுத் தேதியையே தாண்டிவிடக்கூடும். முதலில் பேஸ்லைனைச் சேமித்து, அதிகச் சுமை உள்ள ஐந்தாறு பேரை மட்டும் எடுத்துத் தள மேலாளர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பழைய முறையையும் புதியதையும் ஒரு மாத சம்பளச் சுற்று வரையாவது சேர்த்து ஓட்டி, இரண்டின் மணிக்கணக்கும் ஒத்துப்போன பிறகு பழைய கோப்பைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரிப் பூட்டிவிடலாம்.