குருவில்லாத காலமும் பாவசங்கீர்த்தனமும்

வருஷத்துக்கு ஒருமுறையாவது தன் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்குக் காலத்தில் நற்கருணை வாங்காத கிறிஸ்தவன், உயிரோடிருக்கையில் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கலாகாது, மரித்தபின் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் பெறலாகாது என்று 1215-ஆம் வருஷம் ரோமாபுரியில் கூடிய நான்காம் லாத்தரன் மகாசங்கம் விதித்தது. அந்த விதியின் பிற்பகுதி குருவைப் பற்றியது. தாம் கேட்ட பாவத்தை வெளியிடும் குருவைப் பட்டத்தினின்று விலக்கி, கண்டிப்பான மடமொன்றில் அடைத்து, ஆயுள் பரியந்தம் தவம் செய்விக்க வேண்டும் என்கிறது அது. சொல்லாதவனுக்கும் தண்டனை, கேட்டதைச் சொல்பவருக்கும் தண்டனை என்று இருபுறமும் வேலி கட்டிய மகாசங்கத்தார், ஊர்தோறும் கேட்பதற்கு ஒரு குரு இருப்பார் என்பதை மாத்திரம் சொல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள். குருவே இல்லாத தேசத்தில் இந்த விதி என்ன ஆகும் என்ற கேள்விக்கு, நம் மொழி பேசும் ஜனங்களுடைய சரித்திரத்திலேயே ஒரு விடை இருக்கிறது. அது யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்தை நடுவாகக் கொண்ட சரித்திரம்.

தமிழ்க் கத்தோலிக்கரிடையே பாவசங்கீர்த்தன வழக்கம் வேரூன்றியது முத்துக்குளித்துறையில். 1542-இல் அங்கே வந்த சவேரியார் துபாஷிகளின் துணைகொண்டே ஜெபங்களைக் கற்பித்தார். ஜெபத்தைத் துபாஷி சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் மனைவியிடமும் மறைத்த குற்றத்தை, நாளைக்குச் சந்தையில் எதிர்ப்படப்போகிற ஒருவன் நடுவே நின்று மொழிபெயர்க்க, யார்தான் வாய்திறந்து சொல்வார்? இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் குருவே தமிழ் கற்பதுதான் என்று உணர்ந்து, அதற்கே தம் ஆயுளைச் செலவிட்டவர் அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகள். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றிய இவர், இரண்டே வருஷங்களுக்குப்பின் 1580-இல் கொச்சியில் அச்சிட்டது பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் ஒரு கைந்நூல். தமிழ் அச்சின் சரித்திரத்தில் முதல் வரிசையில் நிற்கும் புஸ்தகங்களுள் ஒன்று, மனிதன் தன் குற்றத்தைத் தன் மொழியில் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது என்பது நாம் அடிக்கடி நினைப்பதற்குரிய விஷயம்.

கடலுக்கு அப்பால் மன்னாரிலும் இதே காலத்தில் இந்த வேதம் பரவியது. புதிதாக மனந்திரும்பிய மன்னார் ஜனங்களை 1544-இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி வாளுக்கு இரையாக்கினான். மாண்டவர் அறுநூறு பேர் என்று மரபு சொல்லும். பின்னர் 1619-இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. பிரான்சிஸ்குச் சபையாரும் சேசு சபையாரும் கிராமந்தோறும் கோயில் கட்டினார்கள். தபசு காலம் வந்தால் ஆத்துமசோதனை, பாஸ்கு வந்தால் பாவசங்கீர்த்தனம் என்ற ஒழுங்கு சுமார் நாற்பது வருஷம் நடந்து, குடும்ப வழக்கமாகிவிட்ட நிலையில், 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது.

ஒல்லாந்தர் வியாபாரக் கம்பெனி கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டு வெளியேற்றியதுடன், குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்றும் அறிவித்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் பிரசங்க மண்டபங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே தோம்பு எனப்படும் ஊர்ப்பதிவேட்டையும் எழுதினார். அந்தத் தோம்பில் ஞானஸ்நானமும் விவாகமும் பதிவாகாதவனுக்கு உத்தியோகமும் இல்லை, சொத்துரிமையிலும் தொல்லை. ஆகவே கத்தோலிக்கத் தகப்பன் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒல்லாந்தப் போதகரிடம் போனான். பெயர் பதிந்து, பிரசங்கத்தைக் கேட்டு, வீடு திரும்பிக் கதவைத் தாழிட்டபின், ஒளித்துவைத்த சுரூபத்தின் முன்னே செபமாலை சொன்னான். மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தைச் சில குடும்பங்கள் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் மடுவுக்குக் கொண்டுபோனது 1670-ஐ ஒட்டிய இந்தக் காலத்தில்தான் என்பது மரபு.

குரு இல்லாமலும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதை இந்த ஜனங்கள் அனுபவத்தால் அறிந்திருப்பார்கள். ஆபத்தில் ஞானஸ்நானத்தை யாரும் கொடுக்கலாம்; செபமாலைக்குத் தலைமைதாங்கப் பாட்டியே போதும்; சாகிறவன் காதில் சேசு நாமத்தைச் சொல்ல மகன் இருக்கிறான். குருவின் கையில்லாமல் நடவாதவை பூசையும் பாவப்பொறுத்தலும். திரிதெந்து மகாசங்கம் 1551-இல் இதற்கு ஒரு வழியைத் தெளிவாக்கியிருந்தது: சர்வேசுரன்மேல் வைத்த சிநேகத்தினால் மாத்திரமே உண்டாகும் உத்தம மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னமேயே மனிதனை அவரோடு சமாதானமாக்கும், ஆனால் குரு கிடைத்ததும் சொல்லிவிடுவேன் என்ற ஆசை அந்த மனஸ்தாபத்துக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு இது ஆறுதலாகவும் இருந்தது, கடனாகவும் நின்றது. வருஷாவருஷம் அடைபடாத அந்தக் கடனில் ஒல்லாந்தர் கோயிலில் தலைகாட்டிய குற்றமும் சேர்ந்துகொண்டே போயிற்று.

ராஜாக்கினைக்குப் பயந்து வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருந்தவர்களை என்ன செய்வது என்ற வழக்கு திருச்சபைக்குப் புதிதல்ல. தேசியுஸ் சக்கரவர்த்தி 250-இல், பிரஜைகள் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கு அத்தாட்சியாகச் சீட்டு வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது, சிலர் மெய்யாகவே பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு மாத்திரம் வாங்கினார்கள். அப்படிப்பட்ட சீட்டுகள் எகிப்து தேசத்து மணலிலிருந்து நம் காலம்வரை கிடைத்திருக்கின்றன. கலாபம் ஓய்ந்ததும் இவ்விரு வகையாரும் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு மன்னிப்பே கிடையாது என்று ரோமாபுரியில் நொவாத்தியான் தனிச்சபை கண்டான். கார்த்தாகோவின் மேற்றிராணியார் சிப்ரியான் 251-இல் கூட்டிய சங்கமோ, ஒவ்வொருவன் வழக்கையும் தனித்தனியே விசாரித்து, சீட்டு மாத்திரம் வாங்கியவனைச் சேர்த்துக்கொள்ளவும், பலியிட்டவனை நெடிய தவத்துக்குப்பின் மரணப்படுக்கையிலாவது சேர்த்துக்கொள்ளவும் தீர்மானித்தது. மறுபடியும் கலாபம் வருமென்ற அச்சம் எழுந்தபோது அந்தக் கெடுபிடியும் தளர்ந்தது. கார்த்தாகோவின் சீட்டுக்கும் யாழ்ப்பாணத்துத் தோம்புக்கும் இடையே ஆயிரத்து நானூறு வருஷம் கிடக்கிறது; அகப்பட்டுக்கொண்ட மனிதனுடைய இக்கட்டு ஒன்றே.

எனினும் ஒரு பேதம் உண்டு. கார்த்தாகோவில் தவறியவர்கள் குருக்களைத் தேடிவந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தவறியவர்களைத் தேடிக் குரு வந்தார். கோவா நாட்டில் 1651-இல் பிறந்த ஜோசப் வாஸ் அடிகள், தம் ஜாதி குருக்களைச் சேர்த்து ஒறத்தோரியச் சபையை நிலைநிறுத்திய பின்னர், இலங்கையில் குருக்கள் இல்லையென்று கேள்வியுற்று, ஜான் என்ற ஓர் இளைஞனை மாத்திரம் துணைக்கழைத்துக்கொண்டு, கால்நடையாகத் தூத்துக்குடி வந்து தோணியேறி, 1687-இல் மன்னார் வழியாக யாழ்ப்பாணத்தை அடைந்தார். கூலிக்காரன் கோலத்தில் வந்த அவரை வயிற்றுக் கடுப்பு சாகுந்தறுவாய்க்குக் கொண்டுபோய்விட்டது. தேறி எழுந்ததும் பிச்சைக்காரராகத் தெருத்தெருவாய் நடந்தார். எந்த வீடு வேதக்கார வீடு என்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் கோட்டைக்குச் செய்தி போகும். ஆகவே கழுத்தில் செபமாலையை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வாசல்தோறும் பிச்சை கேட்டார். பலர் பிச்சையைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஒரு சிலருடைய கண் மாத்திரம் அந்த மணிகளில் நிலைத்தது. அந்தக் கண்களை அடையாளமாகப் பற்றிக்கொண்டு, பின்னர் தாம் இன்னார் என்று வெளியிட்டார். கத்தோலிக்கர் நிறைந்த சில்லாலைக்கு அவரை இரகசியமாகக் கொண்டுபோனவர்கள் அப்படி அறிமுகமானவர்களே.

அன்று தொடங்கிய இராக்காரியத்தை வாசகர் நினைத்துப் பார்க்க வேண்டும். பகலில் மறைந்திருந்து, இருட்டியபின் ஒரு வீட்டில் ஜனங்கள் கூடப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் பூசை வைத்து, வெளிச்சம் வரும்போது வேறிடம் போவது அவர் வழக்கம். மிலான் நகரத்துக் கர்தினால் சார்லஸ் பொரோமேயு 1577-இல் வெளியிட்ட கோயிற்கட்டு விதிகளில், குருவுக்கும் பாவிக்கும் நடுவே பலகைத் தடுப்பும் துளையிட்ட தகடும் கொண்ட பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அளவு சொல்லியிருந்தார். சில்லாலையில் அதெல்லாம் ஏது? ஒரு பாயும் ஒரு மூலையும் இருந்தால் அதுவே தொட்டி. குழந்தையாயிருக்கையில் குருவைக் கண்டவள் பேரப்பிள்ளையுடன் வந்தாள். பிறந்தது முதல் குருவையே காணாத முப்பது வயதுக்காரன் தாய் சொல்லிக்கொடுத்த சூத்திரத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு வந்தான். ஏறக்குறைய முப்பது வருஷத்துக் கணக்கை ஓர் இரவில் எப்படிச் சொல்வது?

இதற்குத் திருச்சபையின் முறை ஒன்று உண்டு; அது வெளியார் நினைப்பதைவிட மிருதுவானது. சாவான பாவங்களை அவற்றின் வகையும் தொகையும் தெரியச் சொல்ல வேண்டும் என்பது திரிதெந்து விதி. ஆனால் தொகை நினைவில்லாதவனிடம் தொகை கேட்பது நியாயமல்ல என்பதால், இன்ன பழக்கம், இவ்வளவு காலம், வாரத்துக்கோ மாதத்துக்கோ ஏறக்குறைய இத்தனை முறை என்று சொன்னாலே போதும் என்று அறநெறி சாஸ்திரிகள் வகுத்தார்கள். மனமறிய மறைத்தது எல்லாவற்றையும் கெடுக்கும். மெய்யாகவே மறந்துபோனது மற்றவற்றோடுகூட மன்னிக்கப்படும், பின்னால் நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம். நா எழாமல் நிற்பவனுக்குப் பத்துக் கற்பனைகளையும் ஒவ்வொன்றாய் எடுத்துக் கேட்டுக் கைகொடுப்பது குருவின் வேலை. முதலில் கேட்கப்படும் “பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலமாயிற்று?” என்ற கேள்வியும் அந்த உதவியில் சேர்ந்ததே, வந்தவனுக்கு நேரம் எவ்வளவு வேண்டும், கேள்வியை எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் குரு அதனால் அறிகிறார். கடைசியில் விதிக்கப்படும் அபராதமும் பாவத்தின் பளுவோடு பாவியின் பலத்தையும் பார்த்து விதிக்கப்படுவது; ஒல்லாந்தர் காவலின்கீழ் இருப்பவனுக்கு, ஊரார் கண்ணில் படும் அபராதத்தை எந்தப் புத்தியுள்ள குருவும் கொடுக்கமாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் மறைவில் நடந்தது 1689-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் இரவில் வெளிப்பட்டது. ஒல்லாந்தச் சிப்பாய்கள் கூட்டத்தின்மேல் விழுந்து பலரைப் பிடித்தார்கள், சிலர் சாட்டையடி பட்டார்கள், குரு அகப்படவில்லை. அவர் புத்தளம் போய், 1692-இல் கண்டிக்குச் சென்று, போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டு, சிறையிலிருந்தே கோயிலெடுத்து, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனுடைய ஆதரவையும் பெற்றார். கோவாவிலிருந்து வேறு குருக்கள் வந்துசேரும்வரை, தீவு முழுவதிலும் பாவசங்கீர்த்தனம் கேட்க அவர் ஒருவரே இருந்தார். 1711-இல் கண்டியில் காலமானார். 1705-இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தபசு காலத்தில் வாசிக்கப்பட்டு ஜனங்களின் நெஞ்சை நெகிழ்வித்த வியாகுலப் பிரசங்கம் அவருடையது. குரு வராத ஊரிலும் மனஸ்தாபத்தைப் பிறப்பிக்க அப்படி ஒரு புஸ்தகம் வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில், தேசாதிபதி மெயிட்லண்ட் 1806-இல் கத்தோலிக்கர்மேல் இருந்த தடைகளை நீக்கினார். தோம்புக்காகக் கிறிஸ்தவரானவர்கள் தோம்பின் கட்டாயம் போனதும் விரைவில் கலைந்துபோக, தோம்புக்கு மறைந்து கத்தோலிக்கராயிருந்தவர்கள் கலையாமல் நின்றார்கள். அவர்களுக்கு ஊழியம் செய்ய 1847-இல் வந்திறங்கினவர்கள் அமலமரித் தியாகிகள் சபையார். இந்தச் சபை பிறந்த காரணமும் குருவில்லாமை என்ற இதே வியாதிதான். பிரெஞ்சுப் புரட்சியில் கோயில்கள் பூட்டப்பட்டுக் குருக்கள் சிதறியபின், பாவசங்கீர்த்தனத்தையே மறந்து வளர்ந்திருந்த புரோவான்ஸ் நாட்டு ஏழைகளிடம், அவர்களுடைய சொந்தப் பேச்சுமொழியிலேயே போதித்து அவர்களைத் திருப்ப வேண்டுமென்று, யூஜின் தெ மசெனோ அடிகள் 1816-இல் ஏக்ஸ் நகரத்தில் தொடங்கியது அது. தங்கள் ஊரில் விட்டுப்போனதை மீட்கத் திரண்டவர்கள், விட்டுப்போனதை ஒருமுறை மீட்டிருந்த யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

நெடுங்காலம் விலகியிருந்தவன் திரும்புவதைப் பற்றிப் பேசும்போது அவனுடைய தைரியத்தையே நாம் புகழ்கிறோம். சரித்திரம் வேறொன்றையும் காட்டுகிறது. லாத்தரன் சட்டம் பாவியை வருஷத்துக்கு ஒருமுறை குருவிடம் வரச்சொன்னது. குருவைப் பாவியைத் தேடிப் போகச்சொல்லும் வாசகம் அதில் இல்லை. சட்டம் கேட்காத அந்த வேலையை மனமுவந்து செய்தவர்களால்தான், பாவசங்கீர்த்தனம் இந்த நாடுகளில் அற்றுப்போகாமல் நின்றது. ஜோசப் வாஸ் அடிகளை 2015-இல் கொழும்பு காலிமுகத் திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் புனிதராகப் பிரகடனம் செய்ததில், இந்த ஒரு தொண்டுக்குரிய மரியாதையும் அடங்கியிருக்கிறது.

இன்று கோயில் வாசலில் கால் தயங்கி நிற்பவர் எவரேனும் இதை வாசித்தால், அவருக்குச் சொல்ல வேண்டியது சிறிதே. மறந்துபோன ஜெபங்களைப் பற்றியும் தவறிப்போன கணக்கைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். எவ்வளவு காலமென்று திட்டமாய்த் தெரியாவிட்டால் ‘நெடுங்காலம்’ என்று சொன்னால் போதும். மற்றவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது குருவின் கடமை.