ஆறு நகரசபைகள் ஒன்றான கதை

உள்ளூராட்சி பற்றிய பேச்சென்றாலே எம்மவர் பலருக்கு அலுப்புத் தட்டிவிடுகிறது. இனப்பிரச்சினை, அரசியல் யாப்பு, சமஷ்டி என்று மணிக்கணக்கில் விவாதிக்கும் நாம், குப்பை அள்ளும் சபைகளிலும் தெருவிளக்குப் போடும் சபைகளிலும் அரசியல் எதுவுமில்லை என்றே கருதிக்கொள்கிறோம். இக்கருத்து தவறானது என்பதற்கு, எமது சமூகம் செறிந்து வாழும் ரொறன்ரோ மாநகரின் வரலாறே போதிய சான்று. ஸ்காபரோ என்று நாம் அன்றாடம் உச்சரிக்கும் பெயருக்குரிய நகரசபை 1997 டிசெம்பர் 31 உடன் இல்லாமற் போனது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கதை 1950களில் தொடங்குகிறது. யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ரொறன்ரோவைச் சூழ்ந்த புறநகரங்களில் வீடுகள் பெருகின. குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கும் பாடசாலைக்கும் வேண்டிய பணம் அங்கிருக்கவில்லை. பணமிருந்த பழைய நகரத்திடம் நிலமிருக்கவில்லை. எல்லாவற்றையும் தன்னோடு இணைத்துவிடும்படி பழைய நகரம் கோரியது; புறநகரங்கள் எதிர்த்தன. ஒன்ராறியோ மாகாண அரசு நடுவழியொன்றைக் கண்டது. 13 சபைகளும் தத்தம் எல்லைக்குள் தொடர்ந்து இயங்க, அவற்றுக்கு மேலே 'மெற்றோ' எனப்பட்ட பிராந்தியச் சபையொன்று 1954 ஜனவரி முதலாம் திகதி செயற்படத் தொடங்கியது. நீர் வழங்கல், பிரதான வீதிகள், பொதுப் போக்குவரத்து, சில ஆண்டுகளின் பின் பொலிஸ் ஆகியவை அதன் பொறுப்பாகின. குப்பை, பூங்கா, தீயணைப்பு, உள்வீதி ஆகியன கீழ்ச்சபைகளிடம் இருந்தன. பழைய நகரின் வரிவளத்தின் துணையோடுதான் ஸ்காபரோவின் காணிகளுக்குத் தண்ணீர்க் குழாய் போனது என்று சுருக்கமாகச் சொல்லலாம். 1967 இல் 13 சபைகள் ஆறாகக் குறைக்கப்பட்டன.

ஆகவே பிராந்திய ஒன்றிணைப்பு என்பது தன்னளவில் தீங்கானதல்ல. வசதியுள்ள பகுதியின் வளத்தை வசதியற்ற பகுதியுடன் பகிர்வதற்கு அது ஒரு கருவியாகவும் அமைய முடியும். சிறிய சபை என்பதாலேயே அது ஜனநாயகமானது என்று கொள்வதும் மயக்கமே. எமது ஊர்க் கிராமசபைகளில் எந்தச் சாதியினர் நாற்காலியில் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடவில்லை.

1990களில் பிரச்சினை வேறு வடிவம் பெற்றது. வளர்ச்சி மெற்றோவின் எல்லையைத் தாண்டி மிசிசாகா, பிராம்ப்ரன், மார்க்கம் என்று விரிந்துவிட்டது. இதனை ஆராய அமைக்கப்பட்ட, ஆன் கோல்டன் தலைமையிலான குழு 1996 ஜனவரியில் அறிக்கை சமர்ப்பித்தது. மெற்றோவுக்கும் சுற்றியுள்ள நான்கு பிராந்தியங்களுக்கும் பதிலாகப் பெரும்பாகம் முழுவதற்குமான ஒரு சபை வேண்டும், கீழ்ச்சபைகளை வைத்துக்கொண்டு அவற்றைப் பலப்படுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். 1995 இல் பதவிக்கு வந்திருந்த மைக் ஹரிஸின் பழமைவாத அரசு இதற்கு நேர்மாறாகச் செயற்பட்டது. வெளிப் பிராந்தியங்களைத் தொடாமல் விட்டு, மெற்றோவையும் அதன் உள்ளிருந்த ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க் ஆகிய ஆறையும் ஒரே நகரமாக்கும் 103ஆம் இலக்கச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. செலவு குறையும் என்பதே சொல்லப்பட்ட நியாயம்.

1997 மார்ச்சில் ஆறு சபைகளும் மக்களிடம் வாக்குக் கேட்டன. வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினர் இணைப்பை நிராகரித்தனர். தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்றது அரசு. சட்டசபையில் எதிர்க்கட்சியினர் நகரத்தின் தெருக்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி, ஆயிரக்கணக்கான திருத்தங்களை முன்வைத்து, இரவு பகலாக ஒரு வாரத்துக்கு மேல் அமர்வை இழுத்தடித்தனர். ஆயினும் ஏப்ரலில் சட்டமூலம் நிறைவேறியது. நீதிமன்றம் சென்றவர்களும் தோற்றனர். 1867ஆம் ஆண்டு யாப்பின் 92ஆம் பிரிவின்படி நகரசபைகள் மாகாணத்தின் அதிகாரத்துக்குட்பட்டவை. மாகாணம் அவற்றை ஆக்கலாம், அழிக்கலாம்.

சேமிப்பு என்னவாயிற்று? மெற்றோப் பகுதியின் செலவில் பெரும்பகுதி ஏற்கெனவே மெற்றோவின் ஊடாகவே போய்க்கொண்டிருந்தது. எஞ்சியதை இணைத்தபோது ஆறு விதமான சம்பளங்களும் சேவைத் தரங்களும் உயர்ந்ததை நோக்கியே சமப்படுத்தப்பட்டன. தொழிற்சாலையில் இரண்டு பகுதிகளை ஒன்றாக்கும்போது நாங்கள் கண்ணால் காண்பதும் இதுதான்: மேற்பார்வையாளர் தொகை குறையும், சிக்கல் குறையாது. வாக்களிக்கப்பட்ட சேமிப்பைப் பின்வந்த ஆய்வுகள் காணவில்லை. அதே காலத்தில் சமூக வீடமைப்பு, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றின் செலவு மாகாணத்தின் தோளிலிருந்து நகரத்தின் தலைக்கு மாற்றப்பட்டது. குறைந்த வாடகை வீட்டுக்குக் காத்திருந்தவர்களும் பஸ்ஸில் வேலைக்குப் போனவர்களும் அதன் விலையைக் கொடுத்தனர். அவர்களில் எம்மவரும் அடங்குவர்.

இங்கு இன்னொரு வரலாற்றை நினைவுகூராமல் இருக்க முடியாது. இலங்கையில் 1980ஆம் ஆண்டு மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டம், 'அதிகாரப் பரவலாக்கம்' என்ற பெயரில், கிராமசபைகளையும் பட்டினசபைகளையும் இல்லாமற் செய்து அவற்றின் பணிகளை மாவட்டச் சபையிடம் ஒப்படைத்தது. மாவட்ட அமைச்சரை ஜனாதிபதியே நியமித்தார். அச்சபைக்கான 1981 ஜூன் 4 தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னர் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது. ரொறன்ரோவில் எதுவும் எரியவில்லை. இரண்டையும் சமப்படுத்துவது அபத்தம். ஆனால் கீழ்மட்டச் சபையை அதன் மக்களின் சம்மதமின்றி மேலிருந்து அகற்றலாம் என்ற தர்க்கம் இரண்டிலும் ஒன்றே.

இத்தர்க்கம் 1998 உடன் முடியவுமில்லை. 2018 இல், தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்த வேளையில், மாகாண அரசு ரொறன்ரோவின் வட்டாரங்களை 47 இலிருந்து 25 ஆகக் குறைத்தது. 2021 இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதனைச் செல்லுபடியாக்கியது. குடியுரிமை பெறாத நிரந்தர வதிவிடவாசிகளுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று 2013 இல் ரொறன்ரோ நகரசபை கோரியபோது, அதை வழங்கும் அதிகாரமும் மாகாணத்திடமே இருந்தது. வழங்கப்படவில்லை.

மாற்றுவழி இல்லாமலில்லை. மொன்றியல் தீவிலும் 2002 இல் சபைகள் மேலிருந்து இணைக்கப்பட்டன. அங்கு 2004 ஜூனில் மக்களிடம் மீண்டும் கேட்கப்பட்டது. 2006 இல் 15 சபைகள் மீண்டும் உயிர்பெற்றன. அவற்றுட் பல வசதி படைத்தோரின் ஊர்கள் என்பதும், வரியைப் பகிர விரும்பாமையும் அதற்கொரு காரணம் என்பதும் மறைக்கப்படக் கூடாதவை. ஆனால் திரும்பிச் செல்லும் வழி திறந்திருந்தது.

ஒன்றிணைந்த பிராந்திய அதிகாரசபை என்ற யோசனை நாம் வாழும் எந்த நாட்டில் முன்வைக்கப்பட்டாலும் மூன்று கேள்விகளை எழுப்பலாம். யாருடைய வரி யாருக்குப் போகிறது? யாருடைய சம்மதம் கேட்கப்பட்டது? அது பிழைத்துப்போனால் பிரிந்து செல்ல வழியுண்டா? சுயநிர்ணயம் பற்றி இவ்வளவு காலம் எழுதிய நாம், எமது தெருமுனைச் சபையைப் பொறுத்தவரை இக்கேள்விகளைக் கேட்கத் தயங்குவது ஏன் என்பதை இவ்விதழின் வாசகர்கள் விவாதிக்க வேண்டும்.