ஹாம்பர்க் காலரா கொள்ளைநோய், 1892

1892 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரில் காலரா பரவியது. ஏறத்தாழ 6 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் சில வாரங்களுக்குள் சுமார் 17,000 பேர் நோயுற்றனர். சுமார் 8,600 பேர் இறந்தனர். அவ்வாண்டில் மேற்கு ஐரோப்பாவின் வேறு எந்தப் பெருநகரமும் இத்தகைய அழிவைச் சந்திக்கவில்லை. இதற்குக் கிருமி மட்டும் காரணமன்று. நகரை ஆண்டவர்களின் செலவுக் கணக்கும் காரணமாக இருந்தது.

குடிநீரும் வரிப்பணமும்

ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுநீரை வடிகட்டாமலேயே குழாய்களில் வழங்கிவந்தது. மணல் வடிகட்டி அமைக்கும் திட்டம் பல ஆண்டுகள் பேசப்பட்டும் தள்ளிப்போனது. நகர மன்றத்தில் வீட்டு உரிமையாளர்கள் செல்வாக்குடன் இருந்தனர். செலவை யார் ஏற்பது என்பதில் இழுபறி நீடித்தது. இறுதியில் கட்டுமானம் தொடங்கியபோதும், நோய் வந்த நாளில் அது முடிந்திருக்கவில்லை.

அதை ஒட்டியிருந்த அல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் கழிவுநீர் கலந்த பின்னர் ஓடிவரும் அதே ஆற்றின் நீரையே எடுத்தது. ஆனால் அதை மணலில் வடிகட்டியது. அங்கு நோய் மிகக் குறைவாகவே இருந்தது. இரு நகரங்களுக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஹாம்பர்க் நீரைக் குடித்த பக்கத்தில் காலரா பரவியது, எதிர்ப்பக்கம் தப்பியது. நோய் நீர்வழிப் பரவுவதற்கு இதனைச் சான்றாக ராபர்ட் கோக் எடுத்துக்காட்டினார்.

துறைமுகமும் மௌனமும்

காலரா இருப்பதாக அறிவித்தால் பிற நாடுகள் ஹாம்பர்க் கப்பல்களைத் தடுத்து நிறுத்தும். ஆகஸ்ட் நடுவில் முதல் நோயாளிகள் தெரியவந்தும், அதிகாரப்பூர்வ அறிவிப்பு ஒரு வாரத்திற்கு மேல் தாமதமானது. அந்நாள்களில் மக்கள் நீரைக் காய்ச்சாமல் குடித்தனர். கப்பல்களும் புறப்பட்டுச் சென்றன. காலரா நோயாளிகளுடன் வந்த கப்பல்கள் நியூயார்க்கில் தனிமைப்படுத்தப்பட்டன. அஞ்சிய வணிக இழப்பு தவிர்க்கப்படவில்லை. உயிரிழப்போ ஏழைகளிடையே மிகுதியாக இருந்தது. வசதியுள்ளோர் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். அன்றாடக் கூலியை நம்பிய துறைமுகத் தொழிலாளர்களுக்கு அந்த வழி இல்லை.

விளைவுகள்

வடிகட்டி நிலையம் 1893-இல் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு டிரெஸ்டன் நகரில் கூடிய ஐரோப்பிய நாடுகள், காலரா பரவலை அறிவிக்கும் கடமையை ஏற்றன. அறிவித்த நாட்டின் வணிகத்தின்மீது பிற நாடுகள் விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கும் அதே உடன்படிக்கையில் வரம்பு கட்டின. உண்மையை அறிவிப்பவருக்கு நேரும் இழப்பு குறைந்தால்தான் நோய்ச் செய்தி உரிய காலத்தில் வெளிவரும் என்ற எண்ணம் இவ்வேற்பாட்டில் அடங்கியிருந்தது.