முத்துச் சலாபமும் பங்கு மூலதனமும்

தாமிரபரணியின் வண்டலால் கொற்கைத் துறை கடலைவிட்டு விலகி உள்நாட்டுக் கிராமமாகிவிட்ட பின்னரும், முன்னாளில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் அங்கே முத்துக் குளித்ததாகப் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் குறிக்கும் அப்புராதனத் தொழில் மன்னார் வளைகுடாவில் நிலைத்தே நின்றது. சலாபம் என்னும் முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். அழுகவைத்து அலசிப் பார்க்கும்வரை, உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்கினவனுக்கே தெரிந்ததில்லை.

1905-இல் இலங்கைச் சலாபத்தில் எட்டுக் கோடிச் சிப்பிகள் வரையில் கிடைத்து, முத்தின் விலையும் ஏறிவந்த சமயத்தில், லண்டன் முதலாளிகள் கம்பெனி ஒன்று அமைத்து, பங்கு மூலதனம் திரட்டி, வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் அச்சிப்பிகள் விளையும் கடலடி முத்துப் பார்களை 1906-இல் இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்தனர். ஆனால் 1907-க்குப் பின் பார்கள் வறண்டன. மணலும் நீரோட்டமும் திருக்கை மீனும் இளஞ்சிப்பிகளை அழிப்பதை ஏற்றமான விலையால் தடுக்க இயலாதாகையால், குத்தகையில் பாதியும் கழியுமுன் கம்பெனி கலைந்தது.

அதுபோலவே, விலை ஏறினாலும் பூமிக்குள் இல்லாத தாது விளையாதாகையால், செம்பும் துத்தநாகமும் விலையேறும் காலங்களில் சுரங்கப் பங்குகளை நாடுவோர், சந்தை நிலவரத்தோடு தாதுவின் இருப்பையும் விசாரித்தறிவது விவேகம்.