மல்லாரி

மல்லாரி என்பது கோயில்களில் இறைவன் திருவீதி உலா புறப்படும்போது நாகசுரத்திலும் தவிலிலும் இசைக்கப்படும் ஓர் இசை வடிவம் ஆகும். இதற்குப் பாடல் வரிகள் கிடையா. சுரக் கோவைகளாலும் தாளக் கணக்காலும் மட்டுமே அமைந்தது. மேலைநாட்டு இராணுவ இசையில் அணிநடை இசைக்கு உள்ள இடத்தைக் காவிரிப் படுகையின் கோயில் இசையில் மல்லாரி வகிக்கிறது எனலாம். ஆயினும் இரண்டும் இயங்கும் முறை வேறு.

இசை அமைப்பு

மல்லாரி பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் இசைக்கப்படும். இவ்விராகம் 36ஆவது மேளகர்த்தாவாகிய சலநாட்டையின் பிறப்பு இராகம் ஆகும். ச, க, ம, ப, நி என்னும் ஐந்து சுரங்களே இதில் வருகின்றன. சுரங்களுக்கிடையே அகன்ற இடைவெளிகள் இருப்பதால் திறந்த வெளியில் தொலைவிலிருந்தும் தெளிவாகக் கேட்கும். வீட்டிற்குள் இருப்போர் மல்லாரியைக் கேட்டவுடனேயே சாமி புறப்பட்டுவிட்டது என்று அறிந்து வாசலுக்கு வருவர். அறிவிப்பும் இதன் பணிகளுள் ஒன்று.

முதலில் தவில் தனியாக முழங்கும். பின்னர் நாகசுரம் மல்லாரியின் அடிப்படைக் கோவையை எடுக்கும். ஒத்து ஆதார சுருதியைத் தர, தாளக்காரர் கைத்தாளத்தால் கணக்கைக் காட்டுவார். அதே கோவை மூன்று காலங்களிலும், அதன்பின் திசிர நடையிலும் வாசிக்கப்படும். இவ்வாறு காலம் மாறும்போது தாளத்தின் வேகம் மாறுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தாளம் ஒரே சீராகச் செல்ல, அதன் மேல் அமரும் சுரங்கள் மட்டும் முதலில் பாதி வேகத்திலும், பின் இயல்பு வேகத்திலும், பின் இரட்டிப்பு வேகத்திலும் செல்கின்றன. இசை விரைவதாகக் கேட்போருக்குத் தோன்றும். ஆனால் பல்லக்கைச் சுமப்போரின் நடை விரைய வேண்டியதில்லை.

இராணுவ அணிநடையுடன் ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். படையினரின் விரைவு நடை நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 அடிகள் என்ற அளவில் அமையும். அதற்குரிய இசை இடம், வலம் என்று இரண்டிரண்டாகவே துடிக்கும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் காலை வைக்க வேண்டும் என்பதே அங்குள்ள தேவை. மல்லாரியிலோ இசை காலடிக்குக் கட்டளையிடுவதில்லை. ஊர்வலம் நின்று நின்று செல்லும். தீபாராதனைக்காக நிற்கும்போதும் இசை தொடரும். சுமப்போரின் நடையே ஒரு கலையாக வளர்ந்த தலங்களும் உண்டு. திருவரங்கத்தில் சிம்மகதி, சர்ப்பகதி எனப் பெயர் பெற்ற நடைகளில் பெருமாளை எழுந்தருளச் செய்வர். திருவாரூரில் தியாகராசரை ஆடியசைந்து எழுந்தருளச் செய்வது வழக்கம்.

வகைகள்

நிகழ்வுக்கு ஏற்ப மல்லாரி வேறுபடும். சின்ன மல்லாரி, பெரிய மல்லாரி என்பன பொதுவானவை. திருமஞ்சன நீர் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரியும், மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் கொண்டுவரும்போது தளிகை மல்லாரியும், தேரோட்டத்தன்று தேர் மல்லாரியும் வாசிக்கப்படும். உலா கோபுர வாசலைக் கடந்து வீதியை அடைந்த பின் மல்லாரி முடிந்து இராக ஆலாபனையும் கீர்த்தனைகளும் தொடங்கும். எந்த இடத்தில் எதை வாசிப்பது என்ற வரிசை கோயிலுக்குக் கோயில் சிறிது மாறுபடும்.

திருவிடைமருதூரும் சுற்றுப்புறமும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் உள்ள திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் தைப்பூசப் பெருவிழாவும் தேரோட்டமும் சிறப்பானவை. நாகசுரக் கலைஞர் திருவிடைமருதூர் வீருசாமிப் பிள்ளை இவ்வூரின் பெயராலேயே அறியப்பட்டவர். அருகிலுள்ள திருவாவடுதுறை, டி. என். இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) ஊர். உயர்ந்த சுருதியுடைய திமிரி நாகசுரத்திற்கு மாற்றாக நீண்ட, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தைப் பரவச் செய்தவர் அவர். அக்கருவியை உருவாக்கித் தந்தவர் இதே பகுதியில் உள்ள நரசிங்கம்பேட்டையின் கைவினைஞர் ரெங்கநாதன் ஆசாரி ஆவார். பழைய வீடுகளிலிருந்து பெறப்படும் முதிர்ந்த ஆச்சா மரத்தில் செய்யப்படும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

மேலைநாட்டு அணிநடை இசையின் வருகை

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளோடு மேலைநாட்டுப் பாண்டு இசையும் தமிழகம் வந்தது. 1798இல் தஞ்சை அரியணை ஏறிய இரண்டாம் சரபோசி (ஆட்சி 1832 வரை) அவ்விசையில் ஈடுபாடு கொண்டு அரண்மனையில் பாண்டு வாத்தியக் குழு ஒன்றை வைத்திருந்தார். அவருக்கு முன் ஆண்ட அமரசிம்மன் பதவி நீக்கப்பட்ட பின் திருவிடைமருதூரில் வந்து தங்கினார். கனம் கிருஷ்ணையர் போன்ற இசைவாணர்கள் அங்கு ஆதரவு பெற்றனர்.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையின் பாண்டு இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியங்களை அமைத்தார். ஏறத்தாழ 40 உருப்படிகள் கொண்ட இவை நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்படும். பிரித்தானிய நாட்டு வாழ்த்தின் மெட்டில் அமைந்த 'சந்ததம் பாஹிமாம்' இவற்றுள் ஒன்று. பின்னாளில் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) இயற்றிய 'இங்கிலீஷ் நோட்டு' மதுரை மணி ஐயரின் கச்சேரிகளால் பெரும் புகழ் பெற்றது. நாகசுரக் கலைஞர்களும் நோட்டுகளை விரும்பி வாசித்தனர். ஆயினும் உலாவின் தொடக்கத்தில் மல்லாரிக்கு உரிய இடத்தை நோட்டு பிடிக்கவில்லை.

மேடையிலும் திரையிலும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மல்லாரி பரதநாட்டிய நிகழ்ச்சிகளின் தொடக்க உருப்படியாகவும் இடம்பெறலாயிற்று. மேடையில் அது சில நிமிடங்களுக்குள் சுருக்கப்படுகிறது. நாகசுரக் கலைஞர் வாழ்வைக் கதையாகக் கொண்ட 'தில்லானா மோகனாம்பாள்' (1968) திரைப்படத்தில் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாகசுரம் வாசித்தனர். நாகசுர இசையைக் கோயிலுக்கு வெளியே பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றதில் இப்படத்தின் பங்கு பெரிது.

இன்றைய நிலை

நிலையான நாகசுரக் குழு இல்லாத கோயில்கள் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றில் மின்விசையால் இயங்கும் முரசு-மணி இயந்திரமோ ஒலிப்பதிவோ பூசை வேளையில் ஒலிக்கிறது. பூசைக்கு அது போதுமெனக் கருதப்பட்டாலும் உலாவிற்குப் பொருந்தாது. ஊர்வலம் எங்கு நிற்கும், எப்போது திரும்பும் என்பதை ஒலிப்பதிவு அறியாது. மல்லாரியை எவ்வளவு நீட்டுவது, எந்தத் திருப்பத்தில் முடிப்பது என்பதை நடந்துகொண்டே முடிவு செய்பவர் கலைஞர்தான். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. மல்லாரியின் கோவைகளை வகுப்பில் கற்கலாம். நடையோடு சேர்த்து அதை அளந்து வாசிக்கும் பயிற்சியைப் பெரியோருடன் உலாவில் உடன் சென்று ஒத்தும் தாளமும் பிடித்தே மாணவர்கள் பெற்று வந்துள்ளனர்.