ஐ.க்யூ. 69: நாகேந்திரன் தர்மலிங்கம்

ரொம்ப நாளா எழுதணும்னு வெச்சிருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், தள்ளிக்கிட்டே போச்சு. சிங்கப்பூர், மலேசியப் பதிவர்களுக்கு இந்த வழக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். நம்ம பக்கம் ஏதோ வெளிநாட்டுச் செய்தியா வந்துட்டுப் போயிடுச்சு. அதனால கொஞ்சம் வரிசையா எழுதி வெச்சுடலாம்னு பார்க்கிறேன்.

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான்னு ஒரு சின்ன ஊர். அங்கே இந்தப் பேரைச் சொன்னாலே ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும். நாம "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு கிண்டல் பண்றோமே, அதே அர்த்தம்தான். 1911-ல் ஆரம்பிச்ச பெரிய மனநல மருத்துவமனை அந்த ஊரில்தான் இருக்கு. நாகேந்திரன் தர்மலிங்கம் இந்த ஈப்போ வட்டாரத்துக்காரர். வசதி இல்லாத தமிழ்க் குடும்பம்.

2009 ஏப்ரல் 22. இன்னொருத்தரோட மோட்டார் சைக்கிளில் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வரும்போது, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நாகேந்திரனைப் பிடிச்சாங்க. தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். சிங்கப்பூர் சட்டத்தில் 15 கிராமைத் தாண்டினா அப்போ தூக்கு ஒண்ணுதான், நீதிபதி நினைச்சாலும் குறைக்க முடியாது. கட்டிவிட்டவன் பேரு "கிங்"காம். காதலியைக் கொன்னுடுவேன்னு அவன் மிரட்டினதால செஞ்சேன்னு நாகேந்திரன் கோர்ட்டில் சொன்னார். நீதிபதி நம்பல. கடன் தொல்லைதான் காரணம்னு முடிவு பண்ணி 2010 நவம்பரில் தூக்குத் தண்டனை கொடுத்துட்டாங்க.

இவருக்குப் புத்தி எவ்வளவுன்னு அன்னிக்குக் கேட்க வேண்டிய அவசியமே சட்டத்துக்கு இல்ல. அந்தக் கேள்வி வந்தது 2012-ல் சட்டத்தைத் திருத்தின பிறகுதான். 2013-ல் இருந்து இரண்டு கதவு கொஞ்சமா திறந்துச்சு. ஒண்ணு, நீ வெறும் கூரியர்தான், போலீஸுக்குப் பெரிய அளவில் துப்பு கொடுத்து உதவினேன்னு அரசு வழக்கறிஞர் சான்றிதழ் தரணும். இன்னொண்ணு, மனநிலைக் கோளாறால பொறுப்புணர்வு பெரிய அளவில் பாதிக்கப்பட்டிருந்ததுன்னு கோர்ட்டில் நிரூபிக்கணும்.

முதல் கதவு எனக்கு விசித்திரமா படுது. கூட்டத்தில் கெட்டிக்காரனாக இருக்கிறவனுக்கு ஆள், போன் நம்பர், ரூட்டு எல்லாம் தெரியும். அவன் துப்பு கொடுத்துத் தப்பிச்சுக்கலாம். தொடையில் பொட்டலம் கட்டி அனுப்புற அப்பாவிக்கு என்ன தெரியும்? நாகேந்திரனுக்குச் சான்றிதழ் கிடைக்கல.

இரண்டாவது கதவுக்காகச் சிறையில் இருக்கும்போது டாக்டர்கள் பரிசோதனை செஞ்சாங்க. ஐ.க்யூ. 69. கூடவே கடுமையான ஏ.டி.எச்.டி.ன்னு அவர் தரப்பு டாக்டர் சொன்னார். மறுபக்கம் கோர்ட் சொன்னதையும் சொல்லணும், இல்லாட்டி நேர்மையா இருக்காது. இவருக்கு இருக்கிறது எல்லைக்கோட்டு அளவுக் குறைவுதான், அறிவுசார் குறைபாடு இல்லைன்னு கோர்ட் முடிவு பண்ணுச்சு. அதுக்குக் காட்டின ஆதாரங்களில் ஒண்ணு என்ன தெரியுமா? சோதனைச்சாவடியில் தேட வந்த அதிகாரிகளிடம் "நான் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன்"னு சொல்லியிருக்கார். செக்யூரிட்டின்னா நம்புவாங்கன்னு கணக்குப் போட்டுத்தான் அப்படிச் சொன்னார், என்ன செய்றோம்னு தெரிஞ்சுதான் செஞ்சார்னு 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் எடுத்துக்கிச்சு.

இந்த இடத்தை நான் பலமுறை படிச்சேன். முழுக்க முட்டாள்தனமான வாதம்னு சொல்ல முடியல. ஆனா மாட்டிக்கிட்டா பொய் சொல்லத் தெரியுறது ஆறு வயசுப் பையனுக்கும் வரும். போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகிட்ட அந்தப் பொய் எடுபடும்னு நம்பினதே எனக்கு வேற மாதிரி படுது.

இந்த 69-க்கு ஊருக்கு ஒரு அர்த்தம். அமெரிக்காவில் அறிவுசார் குறைபாடு உள்ளவரைத் தூக்கிலிடக் கூடாதுன்னு 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு (அட்கின்ஸ் வழக்கு). ஃபுளோரிடா மாநிலம் 70-ல் கோடு போட்டு, 71 எடுத்தவனைத் தூக்கிலிடலாம்னு நின்னுச்சு. 2014-ல் ஹால் வழக்கில் அதுவும் செல்லாதுன்னு தீர்ப்பு. எந்தச் சோதனையிலும் ஏறத்தாழ 5 புள்ளி முன்ன பின்ன இருக்கும், ஒத்தை எண்ணை வெச்சு உயிரைத் தீர்மானிக்க முடியாதுன்னாங்க. நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, அளக்கிற கருவியிலேயே எரர் இருக்கும்போது நீ எப்படி இஃப் கண்டிஷன் போடுவே? சிங்கப்பூரில் நடந்தது வேற. அங்க எண் ஒண்ணையே வெச்சுப் பார்க்கல, சரிதான். ஆனா எண்ணைத் தள்ளிட்டு எடைபோட்டது அவர் குற்றம் செஞ்ச விதத்தை.

நம்ம நாட்டில்? 2001-ல் மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்படி ஐ.க்யூ. 50-லிருந்து 69 வரை "லேசான" குறைபாடு, அதாவது 50 சதவீத ஊனம்னு இருந்துச்சு. 40 சதவீதம் இருந்தாலே மாற்றுத்திறனாளி சலுகைக்குத் தகுதி. எங்க புதுப்பட்டினத்திலிருந்து ஈ.சி.ஆர். ரோட்டில் மாமல்லபுரம் தாண்டி வடக்கே போனா முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கு, 2005-ல் வந்தது. சோதனை, பயிற்சி எல்லாம் உண்டு. இந்தியாவில் பிறந்து அந்தக் காலத்தில் டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தா, இதே 69-க்கு நாகேந்திரனுக்கு ஒரு அடையாள அட்டை கிடைச்சிருக்கலாம். (கிடைக்கிறதுக்குள்ள நாலு ஆபீஸ் அலைய விட்டிருப்பாங்க, அது தனிக்கதை.)

2021 அக்டோபர் 26 தேதியிட்டு சிறையிலிருந்து அவர் அம்மாவுக்கு ஒரு கடிதம். நவம்பர் 10-ம் தேதி தூக்கு, பார்க்க வரணும்னா கொரோனா கட்டுப்பாடுகள் இன்னின்னன்னு. உலகம் முழுக்க எதிர்ப்பு. மலேசியப் பிரதமரே கடிதம் எழுதினார். நவம்பர் 9-ம் தேதி கோர்ட் கூடினப்போ நாகேந்திரனுக்குக் கொரோனான்னு தெரிஞ்சுது. நோயாளியைத் தூக்கிலிட முடியாதுன்னு நீதிபதிகள் நிறுத்தி வெச்சாங்க. பிறவியிலிருந்து கூடவே இருக்கிற குறை செய்யாததை ஒரு வைரஸ் செஞ்சுது, அஞ்சரை மாசத்துக்கு.

சிறையில் அவர் நிலை இன்னும் மோசமாயிடுச்சு, தனக்கு என்ன நடக்கப் போகுதுன்னே புரியலன்னு வக்கீல்கள் சொன்னதைக் கோர்ட் ஏத்துக்கல. 2022 மார்ச் 29-ல் மேல்முறையீடு தள்ளுபடி. ஏப்ரல் 26, தூக்குக்கு முந்தின நாள், அம்மாவே ஒரு மனு போட்டாங்க. மகனோட மேல்முறையீடுகளை விசாரிச்ச தலைமை நீதிபதிதான் 2010-ல் தண்டனை வந்தப்போ அரசுத் தலைமை வழக்கறிஞரா இருந்தவர், அதனால இது செல்லாதுன்னு. அதுவும் அன்னிக்கே தள்ளுபடி.

விசாரணை முடிஞ்சதும் நாகேந்திரன் மொழிபெயர்ப்பாளர் வழியா ஒண்ணு மட்டும் கேட்டார், குடும்பத்தோட கொஞ்ச நேரம் இருக்கணும்னு. கொடுத்தாங்க. கண்ணாடித் தடுப்பில் இருந்த இடுக்கு வழியா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அவர் "மா"ன்னு கத்தினது கோர்ட்டில் கேட்டதா அங்க இருந்த நிருபர்கள் எழுதியிருக்காங்க.

ஏப்ரல் 27 விடியற்காலையில் சாங்கி சிறையில் தூக்கு. பிடிபட்டு 13 வருஷம் 5 நாள். உடலை மலேசியாவுக்குக் கொண்டு போய் ஏப்ரல் 29-ல் தஞ்சோங் ரம்புத்தானில் இறுதிச்சடங்கு செஞ்சாங்க. அடுத்த வருஷம், 2023-ல், மலேசியா கட்டாய மரண தண்டனையை எடுத்துடுச்சு. சிங்கப்பூரில் அந்த 15 கிராம் இன்னும் அப்படியேதான் இருக்கு.